ரத்தக் கழிச்சல் அடங்கவில்லையா? புண்ணாக்கு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணிப் பக்கத்தில் இரண்டு காரியம் சேர்ந்தே நடக்கும். களத்தில் காயப்போட்ட மல்லாட்டை (நிலக்கடலை) நனையும். கோழிக் கொட்டகைத் தரையில் பரப்பிய உமியும் நனையும். மல்லாட்டையில் பூசணம் ஏறும். உமியில் ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணி பக்குவப்படும். முதலாவதை விலை போகாத கவலையாகவும் இரண்டாவதைக் கோழிக்கு வந்த நோயாகவும் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். ஆனால் நனைந்த மல்லாட்டை செக்குக்குப் போய், புண்ணாக்காகி, தை மாசி வாக்கில் அதே கொட்டகைத் தீவனத் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. பூசணம் விட்டுப்போன நஞ்சும் அதோடு வருகிறது. அந்த நஞ்சு தின்ற குஞ்சுக்கு ஒட்டுண்ணியை எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது.

"ஆம்ப்ரோலியம் (ரத்தக் கழிச்சல் மருந்து) கொடுத்தோம், நின்றது, பத்து நாளில் மறுபடியும் ரத்தமாகப் போகுது" என்பது நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. உடனே மருந்தை மாற்றுகிறார்கள், இன்னும் விலை கூடிய மருந்துக்குப் போகிறார்கள். மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி இல்லாமல் இல்லை. ஆனாலும் மருந்தைக் குறை சொல்லும் முன்பு தீவனத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்ற இரண்டு பூசணங்கள்தான் இதை முக்கியமாகச் சுரக்கின்றன. அதில் பி1 என்ற வகை மிகக் கொடியது. இயற்கையில் கிடைக்கும் புற்றுநோய்க் காரணிகளில் இது முன்வரிசையில் நிற்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்துவிட்டது. இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே மல்லாட்டைப் புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் போய் முடிந்தது. நம் நாட்டிலும் 1974 கடைசியில் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதே சோற்றைப் பகிர்ந்து தின்ற நாய்களும் செத்தன. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான் என்பதால் புண்ணாக்கை மட்டும் சந்தேகப்பட்டு மக்காச்சோளத்தை விட்டுவிடக் கூடாது.

கோழி புற்றுநோய் வரும் வரை உயிரோடு இருப்பதில்லை. கறிக்கோழி ஆறேழு வாரம், நாட்டுக்கோழி நாலைந்து மாதம், அவ்வளவுதான். அதனால் கொட்டகையில் ஈரல் கட்டி கண்ணில் படாது. இந்த நஞ்சு அதற்கு வெகு முன்பே செய்கிற வேறொரு வேலைதான் நம் கண்ணில் படுகிறது.

வழி இதுதான். அஃப்ளாடாக்சின் குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகிறது. வேற்றுப் பொருளை உடைத்து வெளியேற்ற ஈரலில் இருக்கும் நொதிகளே இதை எபாக்சைடு என்ற முரட்டு உருவமாக மாற்றிவிடுகின்றன. அது செல்லின் டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் நகல் எடுக்கும்போது பிழை விழுகிறது. வருடக்கணக்கில் அந்தப் பிழைகள் சேர்ந்தால் புற்று. நாள் கணக்கிலேயே நடப்பது வேறு: ஆர்என்ஏ எடுப்பது தடைபடும், புரதம் தயாராவது குறையும். வேகமாகப் பெருகும் செல்லுக்குத்தான் அந்த அடி பலமாக விழும். உடம்பில் அப்படிப் பெருகுகிறவை நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். குஞ்சின் கழுத்தில் இருபுறமும் சரம்போல இருக்கும் தைமஸும், மலத்துவாரத்துக்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பையும் சுருங்குகின்றன. கிருமியை விழுங்கித் தின்னும் மேக்ரோஃபேஜ் செல்கள் மந்தமாகின்றன. கிருமியைத் தாக்க உதவும், ஈரல் தயாரிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைகின்றன. எடை குறையாமல், தீவனம் எடுப்பது குறையாமல் இருக்கும்போதே இவை தொடங்கிவிடலாம். கண்ணுக்குக் கோழி நன்றாகத்தான் தெரியும்.

இப்போது ஒட்டுண்ணி பக்கம் வருவோம். ரத்தக் கழிச்சல் உண்டாக்குவது ஐமீரியா இனத்து ஒற்றைச் செல் உயிர். அதில் ஐமீரியா டெனெல்லா குருட்டுக்குடலில் உட்காருவது. ரத்தம் கொட்டுவது இதனால்தான் அதிகம். எச்சத்தில் வெளியே வரும் அதன் கூட்டை ஊசிஸ்ட் என்பார்கள். வந்த உடனே அது தொற்றாது. ஈரம், காற்று, 25 முதல் 30 டிகிரி சூடு மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவப்பட்டு, உள்ளே எட்டு விதையுயிரிகளோடு தயாராகிவிடும். மழைக்காலத்து வேலூர்க் கொட்டகை அதற்கு வைத்துக் கொடுத்த இடம். குஞ்சு அதைக் கொத்தித் தின்றால் அரைப்பையில் ஓடு உடைந்து, உள்ளே இருப்பவை குருட்டுக்குடல் செல்களுக்குள் புகுந்து பெருகும். இரண்டாம் தலைமுறை குடல் சுவரின் ஆழத்தில் பெருகி வெடிக்கும்போதுதான் ரத்தக்குழாய்கள் கிழிகின்றன. அது தின்ற ஐந்தாம் நாள். புது ஊசிஸ்ட் எச்சத்தில் தெரிய ஏழாம் நாள் ஆகும்.

இந்த இரண்டு நாள் இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கண்ட அன்றே எச்சத்தைப் பரிசோதித்துவிட்டு "ஊசிஸ்ட் இல்லை, இது ரத்தக் கழிச்சல் இல்லை" என்று முடிவு கட்டுவது பெரிய தவறு.

கோழி ஐமீரியாவை அடக்குவது பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களால்தான். ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதம் துணைதான். அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் தேறும் இடமான பர்சாவை எடுத்துவிட்ட கோழிகளும் ஐமீரியாவுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டி செல்கள் தேறும் இடம் தைமஸ். அஃப்ளாடாக்சின் சுருக்குவதும் அதைத்தான். சாதாரணமாக, குஞ்சு தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசிஸ்ட்டைக் கொத்தித் தின்று, லேசாக நோய்ப்பட்டு, உடம்பில் நினைவு பதிந்து, ஏழெட்டு வாரத்துக்குள் தேறிவிடும். நஞ்சுத் தீவனம் தின்கிற குஞ்சில் அந்த நினைவு சரியாகப் பதிவதில்லை. மருந்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது; நிறுத்தியதும் தரையில் இருப்பது மறுபடி உள்ளே போகிறது; உடம்பு புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. பத்து நாளில் திரும்பி வருவதன் காரணம் பல கொட்டகையில் இதுதான் என்பது என் கணிப்பு. தடுப்பூசியிலும் இதே கதை நடந்திருக்கிறது: அஃப்ளாடாக்சின் தின்ற வான்கோழிகளுக்குக் கோழிக் காலரா தடுப்பூசி போட்டும் எதிர்ப்பு சரியாக வரவில்லை என்று 1970களின் ஆரம்பத்திலேயே கண்டார்கள். அதே காலத்தில்தான் அஃப்ளாடாக்சினும் டெனெல்லாவும் சேர்ந்தால் கோழி கூடுதலாக அடிபடுகிறது என்ற ஆய்வும் வந்தது. எல்லா ஆய்விலும் ஒரே அளவு கூடுதல் தெரியவில்லை. நஞ்சின் அளவு, எந்த ஐமீரியா, குஞ்சின் வயது, தீவனத்தில் புரதம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும்.

எதிர்ப்புச் சக்தி மட்டும் அல்ல, ரத்தம் உறைவதும் கெடுகிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை. உறைவதற்கான புரதங்களைத் தயாரிப்பது ஈரல். ஈரல் நொந்துபோனால் ரத்தம் உறைய நேரம் பிடிக்கும். குருட்டுக்குடலில் அதே அளவு கிழிசல் விழுந்தாலும் நஞ்சு தின்ற குஞ்சு அதிகம் ரத்தம் விட்டுச் சாகும். இந்த நிலைமையில் சல்ஃபாகுவினாக்சலின் சேர்ந்த மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் அந்த மருந்து வைட்டமின் கே வேலையைத் தடுத்து உறைவதை மேலும் குறைக்கும். மருந்துப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் "ரத்தக் கழிச்சல் பவுடர்" என்று வாங்கிப் போடுவது ஆபத்து.

மனிதரிடத்திலும் இதற்குச் சாயல் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ரத்தத்தில் அஃப்ளாடாக்சின் சுவடு இருந்த குழந்தைகளின் எச்சிலில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தது. வாய், குடல் சவ்வுகளில் முதல் காவல் நிற்பது அதுதான்.

இனி கொட்டகைக்குள் போய்ப் பார்க்க வேண்டியவை.

உயிரோடு இருக்கும் கோழியில் முதலில் காலைப் பாருங்கள். மஞ்சள் கால் இனமாக இருந்தும், மக்காச்சோளம் போட்டும், கால் வெளுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அஃப்ளாடாக்சின் தின்றால் கொழுப்பும் மஞ்சள் நிறமியும் குடலில் சரியாக ஏறாது. ரத்தக் கழிச்சலிலும் கால் வெளுக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோய் வராத கோழிகளின் காலும் வெளுத்திருந்தால் தீவனத்தின் பக்கம் சந்தேகம் கூடும். ஒரே வயதுக் குஞ்சுகள் சின்னதும் பெரிதுமாக ஏறுக்குமாறாக இருப்பது, இறக்கை உதறும்போது லேசாக அடிபட்டாலே தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது, இவையும் குறிகள்.

செத்த குஞ்சை ஆறு மணி நேரத்துக்குள் அறுத்துப் பாருங்கள். வெயில் நாளில் அதற்கும் முன்பே. குருட்டுக்குடல் இரண்டும் வீங்கிக் கருஞ்சிவப்பாக, உள்ளே கட்டிய ரத்தத்தோடு இருந்தால் டெனெல்லா. சிறுகுடலின் நடுப்பகுதி ஊதி, வெளியே இருந்து பார்த்தாலே வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் தெரிந்தால் நெகாட்ரிக்ஸ் என்ற இன்னொரு ஐமீரியாவாக இருக்கலாம்; அது பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்த கோழியில் வரும். அதோடு நிறுத்தாமல் ஈரலைப் பாருங்கள். நல்ல ஈரல் கரும்பழுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். மஞ்சள் ஓடி, வீங்கி, ஓரம் மழுங்கி, விரலால் அழுத்தினால் பொடிந்தால் அஃப்ளாடாக்சின் என்று சந்தேகிக்கலாம். இரண்டு இடத்தில் ஏமாறக் கூடாது: பொரித்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் குஞ்சின் ஈரல் மஞ்சள்கரு கொழுப்பால் இயல்பாகவே மஞ்சளாக இருக்கும், கொழுத்த முட்டைக்கோழியின் ஈரலும் கொழுப்பேறி மஞ்சளாக இருக்கும்.

பிறகு வாலடியில் பர்சா. அதே வயது, அதே இனத்தில் நல்ல தீவனம் தின்ற கோழியின் பர்சாவோடு ஒப்பிட்டால்தான் சுருங்கியது தெரியும். பர்சாவைத் தாக்கும் கம்போரோ என்ற வைரஸ் நோயிலும் அது முதலில் வீங்கிப் பிறகு சுருங்கும், அதுவும் இதே மூன்று முதல் ஆறு வார வயதில் வரும். கம்போரோ தடுப்பூசி போட்டதா, திடீரென்று இரண்டு மூன்று நாளில் சாவு குவிந்ததா என்று கேட்டுப் பிரித்தறிய வேண்டும். கழுத்துத் தோலை உரித்தால் தைமஸ் ஒவ்வொரு புறமும் ஏழெட்டு மடலாகத் தெரியும். நஞ்சு தின்ற குஞ்சில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

எச்சப் பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் வெந்நீரில் இனி கரையாது என்னும் வரை, ஏறத்தாழ 360 முதல் 400 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஆறவையுங்கள். மூன்று கிராம் எச்சத்தை அதில் 40 மில்லியில் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குப்பியில் விளிம்பு வரை ஊற்றி, மேலே கண்ணாடிச் சில்லை வையுங்கள். 15 நிமிடத்தில் ஊசிஸ்ட் மிதந்து சில்லின் அடியில் ஒட்டும். அதை எடுத்து நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்த்தால் முட்டை வடிவில், இரட்டை ஓட்டோடு தெரியும். நேரம் போனால் உப்பு அதைச் சுருக்கிவிடும், அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு கோழி எச்சத்தை எடுக்காமல் கொட்டகையின் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து பாருங்கள்.

தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பச்சைப் பூசணம் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும், அவ்வளவுதான். பூசணம் செத்துப்போன பிறகும் நஞ்சு நிற்கும். அரைத்த புண்ணாக்கில் பூசணம் தெரியவே தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, அது சிதைய 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெயிலில் பரப்பினால் மேல்பரப்பில் கொஞ்சம் குறையுமே தவிர உள்ளே அப்படியே இருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அஃப்ளாடாக்சின் மல்லாட்டையில் ஒரே சீராகப் பரவி இருக்காது. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில்தான் இருக்கும், அந்த ஒன்றில் மலைபோல இருக்கும். ஒற்றைப் பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்துக்கு மேலும் கண்டிருக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: அப்படிப்பட்ட 0.4 கிராம் பருப்பு ஒன்றில் 400 மைக்ரோகிராம் நஞ்சு. அதை 20 கிலோ தீவனத்தில் கலந்தால் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் பி1க்கு வைத்திருக்கும் வரம்பே அந்த 20தான். ஒரே ஒரு பருப்பு 20 கிலோ தீவனத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே மூட்டையின் வாயில் ஒரு கை அள்ளி அனுப்பினால், "இல்லை" என்று வரும் முடிவுக்கு அர்த்தமே இல்லை. பத்து மூட்டை இருந்தால் பத்திலும் மேல், நடு, அடி என்று எடுத்து, மொத்தம் நாலைந்து கிலோ சேர்த்து, மாவாக அரைத்து, நன்றாகக் கலந்து, நாலு கூறாக்கி எதிரெதிர்க் கூறுகளைச் சேர்த்து மறுபடி கலந்து, கடைசியில் அரைக் கிலோ அனுப்புங்கள். அரைக்கும் முன்பு கூறு போடக் கூடாது. ஈரமான மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் போகும் வழியிலேயே பூசணம் வளர்ந்து பொய்யான முடிவு வரும். உலர்த்தித் துணிப் பையிலோ காகிதப் பையிலோ போடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள்.

முடிவு வந்ததும் அதைத் தீவனக் கணக்காக மாற்ற வேண்டும். புண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் இருந்து, 100 கிலோ தீவனத்தில் 15 கிலோ சேர்த்தால் தீவனத்தில் 30. வரம்பைத் தாண்டிவிட்டது. மக்காச்சோளத்தின் பங்கு இதில் சேரவில்லை.

சோதனைக்கு வழியில்லை என்றால் கொட்டகையையே கேட்கலாம். ஒரே நாள் பொரித்த குஞ்சு 40 எடுத்து, இருபது இருபதாக ஒரே கொட்டகையில் தடுப்பு வைத்துப் பிரியுங்கள். உமி, தண்ணீர், இட வசதி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சந்தேகப்படும் புண்ணாக்கு; மறுபக்கம் அதே புரத அளவுக்குச் சோயாப் புண்ணாக்கு. வாரம் ஒரு முறை இரு பக்கமும் எடை போடுங்கள், மூன்று வாரம் பாருங்கள். தீவனத் தொட்டியும் கையள்ளும் குவளையும் மாறிப்போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிசகு. நிறம் தீட்டி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க எள்ளுப் புண்ணாக்கை வைக்காதீர்கள், அதில் லைசின் குறைவு. எடை வித்தியாசம் அதனால் வந்ததா நஞ்சால் வந்ததா என்று தெரியாது.

வைத்தியத்தில் வரிசை முக்கியம். ரத்தம் கண்ட அன்றே சந்தேகத் தீவனத்தை நிறுத்துங்கள், அதன் பிறகு மருந்து. நோய்ப்பட்ட கோழி தீனி எடுக்காது, தண்ணீர் குடிக்கும். அதனால் மருந்து தண்ணீரில்தான். 20 சதவீத ஆம்ப்ரோலியம் பவுடர் என்றால் லிட்டருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம், மூன்று முதல் ஐந்து நாள், பிறகு 0.3 கிராமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் கண்ணில் படக் கூடாது. ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. "கோழி சோர்ந்திருக்கிறதே" என்று அதே நாள்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால் மருந்து வீணாகிப்போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் ஒரு பகுதி இந்த டானிக்கால் வருவது. டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். வைட்டமின் கே கொடுக்கலாம், அது இடிக்காது, உறைவதற்கு உதவும். அளவையும், டோல்ட்ராசுரில் போன்ற அடுத்த மருந்துக்குப் போகலாமா என்பதையும் கால்நடை மருத்துவர் கோழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நஞ்சை உறிஞ்சும் களிமண்ணும் உண்டு. பென்டோனைட், சோடியம் கால்சியம் அலுமினோசிலிகேட் போன்றவை குடலுக்குள்ளேயே அஃப்ளாடாக்சினைப் பற்றி எச்சத்தோடு வெளியே கொண்டுபோகும். டன்னுக்கு 2 முதல் 5 கிலோ. ஐந்துக்கு மேல் போகாதீர்கள்: அதற்கு மேல் போனால் தீவனத்தில் கலந்திருக்கும் ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்தையும் களிமண் பிடித்துவைத்துக்கொள்ளலாம். நஞ்சுக்குப் பயந்து களிமண்ணைக் கொட்டி, அதனால் ஒட்டுண்ணியை அவிழ்த்துவிட்ட கதையாகிவிடும். புரோப்பியோனிக் அமிலம் புதிதாகப் பூசணம் வராமல் தடுக்கும். ஏற்கெனவே சுரந்த நஞ்சை அது தொடாது.

தரை உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விட்டதும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. தண்ணீர்த் தொட்டியைக் கோழி முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினாலே பாதி ஈரம் குறையும். ஃபினாயில் தெளிப்பதால் ஊசிஸ்ட் சாகாது, அதன் ஓடு அவ்வளவு கெட்டி. அதைக் கொல்வது ஈரமில்லாத உலர்வு, வெப்பம், அம்மோனியா. மல்லாட்டை ஓட்டை உமிக்குப் பதில் பரப்புகிறவர்கள் நன்றாகக் காய்ந்த ஓடா என்று பார்த்துப் போடுங்கள், ஈர ஓட்டில் பூசணம் குடியிருக்கும்.

தீவனத்தில் நஞ்சு வராமல் தடுப்பது நிலத்திலேயே தொடங்குகிறது. ஆடிப்பட்டத்து மானாவாரி மல்லாட்டையில், அறுவடைக்கு முந்தின மூன்று முதல் ஆறு வாரத்தில் மழை ஏமாற்றி, காய் இருக்கும் ஆழத்தில் மண் 28 முதல் 31 டிகிரிக்குச் சூடானால் காய் செடியில் இருக்கும்போதே பூசணம் அதற்குள் போய்விடும். கிணறு உள்ளவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு தண்ணீர் விடுவது பெரிய காவல். 40ஆம் நாளை ஒட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் ஓடு கெட்டிப்படும். கரையான் துளைத்த காயும் மண்வெட்டி பட்ட காயும்தான் பூசணத்துக்குத் திறந்த வாசல்.

கொடி பிடுங்கியதும் காய் மேலேயும் இலை தரையிலுமாகத் தலைகீழாகப் போடுங்கள். ஈரக் கொடியைப் போராக அடுக்கினால் உள்ளே வெந்து பூசணம் பிடிக்கும். ஐப்பசியில் தார்பாய் மூடுவது தவிர்க்க முடியாது. ஆனால் இரவெல்லாம் மூடிய தார்பாயின் அடியில் வியர்த்து, மழையில் நனைந்த அளவுக்கே காய் ஈரமாகும். மழை விட்ட உடனே தூக்கிவிட்டுக் கிளற வேண்டும். காயைக் காதோரம் ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். கருவியால் பார்த்தால் பருப்பில் ஈரம் 7 சதவீதத்துக்குக் கீழ்.

அதன் பிறகு ஒரு பழக்கம், இதை எப்படியாவது விட்டாக வேண்டும்: உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்காமல் இருக்க, காயின் மேல் தண்ணீர் தெளிப்பது. நாலைந்து நாள் வெயிலில் காயவைத்த உழைப்பு அந்த ஒரு குடத்தில் போய்விடும். தெளித்து மூட்டை கட்டிய பருப்புக்குள் அன்றிரவே பூசணத்துக்குத் தேவையான ஈரம் கிடைத்துவிடுகிறது. அடுத்து, பொறுக்கும்போது ஒதுக்கும் சுருங்கியது, சொத்தை, பூசணம் பட்டது எல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் செக்குக்கு. எண்ணெயோடு போகும் நஞ்சு கொஞ்சம். பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்குகிறது. மரச்செக்கில் ஆட்டும்போது தண்ணீரும் தெளிப்பார்கள் என்பதால் செக்குப் புண்ணாக்கு ஈரமாகத்தான் வெளியே வரும். வாங்கிய அன்றே உடைத்து ஒரு வெயில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு சாக்கில் போட்டு, கட்டைமேல் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவை வாங்கி வைக்காதீர்கள்.

வாத்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழி தாங்கும் அளவை வாத்துக்குஞ்சு தாங்காது. வீட்டுப் பறவைகளில் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் சாகிறது அதுதான். சந்தேகமான புண்ணாக்கைக் கோழிக்கு வேண்டாம் என்று வாத்துக்குப் போடுவது பெரும் பிழை. கறவை மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சில் ஒரு பங்கு எம்1 என்ற உருவத்தில் பாலில் இறங்கி வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கு வந்துவிடும்.

தீவனம் மாற்றிய பிறகு ஈரல் தேற வாரக்கணக்கு ஆகும். நஞ்சு தின்ற நாள்களில் போட்ட தடுப்பூசி சரியாகப் பிடித்திருக்காது. 1932இலிருந்து ராணிப்பேட்டையில் இருக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரித்த ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசியாகவே இருந்தாலும், வாங்கிக்கொள்ளும் உடம்பில் தெம்பு இல்லையென்றால் ஊசி என்ன செய்யும்? வெள்ளைக்கழிச்சலுக்கான அடுத்த தவணையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கிய புண்ணாக்கை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, தென்னைக்கோ வாழைக்கோ குழி எடுத்து மண்ணுக்குள் ஓர் அடி ஆழத்தில் போட்டு மூடுங்கள், கோழி கிளறாதபடி. மல்லாட்டை போடும் நிலத்தில் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் பூசண வித்து அடுத்த பட்டத்துக் காயைத் தேடி வரும்.